குறைபார்வையும் நிறக்குருடும்: பொது இடப் பலகைகள் எவ்வாறு அமைய வேண்டும்?

தஞ்சாவூரில் மாலை நேரத்தில் பேருந்துக்காகக் காத்திருக்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு இரு கண்களிலும் கண்புரை. எதிரே வரும் பேருந்தின் பலகையில் ‘திரு’ என்னும் தொடக்கம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அது திருவையாறா, திருவாரூரா, திருவிடைமருதூரா, திருக்காட்டுப்பள்ளியா என்பது பேருந்து அருகில் வந்து நின்ற பிறகும் அவருக்கு விளங்குவதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறார். கேட்க ஆள் இல்லாத வேளையில் பேருந்தைத் தவற விடுகிறார், அல்லது வேறு ஊருக்குப் போய் இறங்குகிறார்.

இதனை நாம் பொதுவாக ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். பார்வை குறைந்தது உண்மையே. ஆனால் அதே முதியவர் இரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்தில் உள்ள ஊர்ப்பெயரைத் தடையின்றி வாசித்துவிடுகிறார். எனவே குறை கண்ணில் மட்டும் இல்லை, பலகையிலும் இருக்கிறது. கண்ணின் குறையை எல்லா வேளையிலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது. பலகையின் குறையைச் சரிசெய்ய இயலும்.

குறைபார்வை அல்லது நிறக்குருடு உள்ளவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

குறைபார்வை என்றால் என்ன?

தக்க கண்ணாடி அணிந்த பின்னரும், சிகிச்சை பெற்ற பின்னரும், அன்றாட வேலைகளுக்குப் போதாத அளவில் எஞ்சியிருக்கும் பார்வையே குறைபார்வை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதற்கு அளவு வகுத்துள்ளது. இரண்டு கண்களில் நன்றாகத் தெரியும் கண்ணில், கண்ணாடி அணிந்தும் பார்வை 6/18-க்கு மேற்படாமல் 3/60 வரை இருந்தாலோ, பார்வைப் புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருந்தாலோ அது குறைபார்வை ஆகும்.

உங்கள் மருத்துவச் சீட்டில் 6/60 என்று எழுதப்பட்டிருந்தால், இயல்பான பார்வை உள்ளவர் 60 மீட்டர் தொலைவிலிருந்து வாசிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் வாசிக்க இயலும் என்பது அதன் பொருள்.

நோய்க்கு நோய் தடுமாற்றம் வேறுபடும். பராமரிப்பாளர்கள் இதனை அறிந்திருப்பது நல்லது.

• கண்புரை: கண்ணின் வில்லை மங்கிப் பழுப்பேறுகிறது. வெயில் பட்டுப் பளபளக்கும் பலகை கண்ணைக் கூசச் செய்யும். நீலமும் ஊதாவும் மங்கிப் போகும்.
• கண் அழுத்த நோய் (கிளாக்கோமா): ஓரப் பார்வை சிறிது சிறிதாகக் குறையும். நேர் எதிரே உள்ளது தெரியும். பக்கவாட்டில் உள்ள பலகையும் காலடியில் உள்ள படியும் தெரியாமல் போகலாம்.
• நீரிழிவு விழித்திரை நோய்: பார்வையில் ஆங்காங்கே திட்டுகள் தோன்றும். ஒரு சொல்லின் நடு எழுத்து மட்டும் காணாமல் போகக்கூடும்.
• முதுமைசார் விழித்திரை மையச் சிதைவு: நேராகப் பார்க்கும் இடமே மறைகிறது. முகமும் எழுத்தும் தெரியாது. நடமாட்டத்திற்குத் தேவையான ஓரப்பார்வை பெரும்பாலும் இருக்கும்.
• மரபுவழி விழித்திரைச் சிதைவு: முதலில் மாலைக்கண் போலத் தொடங்கி, பின்னர் குழாய் வழியே பார்ப்பது போலப் பார்வை சுருங்கும். நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் இதன் சில வகைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன.

நிறக்குருடு என்றால் என்ன?

நிறக்குருடு என்ற சொல் நம்மைத் தவறாக எண்ண வைக்கிறது. இக்குறை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தைத் தெளிவாகவே வாசிப்பர். உலகைக் கருப்பு வெள்ளையாகக் காண்பவர் மிக அரிது. சில நிறங்களைப் பிரித்தறிய இயலாமையே இதன் பொதுவான வடிவம். சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகியவை ஒன்றுபோலத் தோன்றும். இளம்பச்சை மஞ்சளோடும், இளஞ்சிவப்பு சாம்பல் நிறத்தோடும் குழம்பும். ஒரு வகையினருக்குச் சிவப்பு நிறமே மங்கிக் கருப்பை ஒத்திருக்கும்.

பிறவியிலேயே வரும் சிவப்பு–பச்சைக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து மகனுக்கு வருகிறது. அதனால் இது ஆண்களிடமே மிகுதி. வட ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 12 ஆண்களில் ஒருவருக்கும் 200 பெண்களில் ஒருவருக்கும் இது உள்ளது. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இந்த விகிதம் சற்றுக் குறைவு. எனினும் ஒரு ஊரில், ஒரு பள்ளியில், ஒரு பேருந்தில் இக்குறை உள்ள ஒருவரேனும் இருப்பார் என்று கொள்வதே பொருத்தம்.

இதற்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ நடைமுறையில் இல்லை. சிறப்புக் கண்ணாடிகள் சிலருக்குச் சில நிறங்களின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டலாம். இயல்பான நிறப்பார்வையைத் தருவதில்லை. விளம்பரத்தை நம்பிப் பெரும்பணம் செலவிடுவதற்கு முன் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

தனக்கு இக்குறை இருப்பதைப் பலர் வேலைக்கான உடற்தகுதிச் சோதனையின்போதுதான் முதன்முதலாக அறிகின்றனர். பல ஆண்டுகள் ஒரே வேலைக்காக முயன்ற இளைஞர் அந்த நாளில் அடையும் அதிர்ச்சி பெரிது. 1917-இல் வெளியான இஷிஹாரா புள்ளிப் படங்களைக் கொண்டு சில நிமிடங்களில் இதனைக் கண்டறியலாம். தாய்மாமனுக்கோ தாய்வழிப் பாட்டனாருக்கோ இக்குறை இருந்தால், மகனைப் பள்ளிப் பருவத்திலேயே சோதித்துவிடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பும் அறிவிப்புகள்

நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், ஆய்வகத்திற்குச் செல்லப் பச்சைக் கோடும் எக்ஸ்-கதிர் அறைக்குச் செல்லச் சிவப்புக் கோடும் தரையில் தீட்டப்பட்டிருந்தன. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய விவசாயி ஒருவர் எக்ஸ்-கதிர் அறை வாசலில் நெடுநேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். “பச்சைக் கோட்டில்தானே போகச் சொன்னோம்” என்று அவரிடம் கடிந்துகொண்டனர். அவருக்கு இரண்டு கோடுகளும் ஒன்றே. பின்னர் கோடுகளின் மீது இடைவெளி விட்டு ‘ஆய்வகம்’, ‘எக்ஸ்-கதிர்’ என்று எழுதி அம்புக்குறியும் இடப்பட்டது. செலவு ஒரு சிறிய வண்ண டப்பா மட்டுமே.

நிறத்தோடு சொல்லோ, வடிவமோ, இடமோ சேர்ந்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. சாலைச் சைகை விளக்கில் சிவப்பு எப்போதும் மேலே, பச்சை கீழே; நிறம் தெரியாதவரும் இடத்தைக் கொண்டு அறிகிறார். உணவுப் பொட்டலங்களில் முன்பு சைவத்திற்குப் பச்சை வட்டம், அசைவத்திற்குப் பழுப்பு வட்டம் இருந்தன. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் நிலை இருந்தது. 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு லேபிள் விதிமுறைகளின்படி அசைவக் குறி பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது. இப்போது வடிவமே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது.

டெல்டா மாவட்டங்களில் வாழ்வோர் மூன்று இடங்களில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்.

பூச்சிக்கொல்லிப் புட்டி: இதன் லேபிளில் சாய்சதுரக் குறி ஒன்று உள்ளது. அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கடும் நச்சு, மஞ்சள் கடும் நச்சு, நீலம் மிதமான நச்சு, பச்சை குறைந்த நச்சு. மிகக் கொடியதும் மிகக் குறைந்ததும் ஆகிய சிவப்பும் பச்சையுமே நிறக்குருடு உள்ளவரின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் என்பதைக் கவனியுங்கள். எனவே கீழ்ப்பாதியின் நிறத்தை மட்டும் நம்பாமல் மேற்பாதியைப் பாருங்கள். சிவப்பு வகையில் மட்டுமே மண்டையோடும் எலும்புகளும் கொண்ட குறி இருக்கும். மருந்து கலக்குமுன் வேறொருவரிடம் லேபிளை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. நச்சு உடலில் பட்டாலோ உட்சென்றாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அந்தப் புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள்.

புயல், மழை எச்சரிக்கை: வானிலை எச்சரிக்கைகள் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறத்தால் பெயரிடப்படுகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததை இப்பகுதி மக்கள் மறக்க இயலாது. நிறம் தீட்டிய வரைபடத்தை மட்டும் கைப்பேசியில் பகிர்ந்தால், சிலருக்கு அதில் எந்த மாவட்டம் எந்த நிறம் என்பதே தெரியாது. பகிரும்போது ‘நமது மாவட்டத்திற்குச் சிவப்பு எச்சரிக்கை’ என்று எழுத்திலும் சேர்த்து அனுப்புங்கள்; குரல் பதிவாக அனுப்பினால் குறைபார்வை உள்ளோருக்கும் பயன்படும்.

வயல் வேலை: நெற்பயிருக்கு மேலுரம் இடும் தருணத்தை அறிய உதவும் இலை வண்ண அட்டை, பச்சையின் சாயல்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. மஞ்சள்கலந்த பச்சையைப் பிரித்தறிய இயலாதவர் அதனைத் தனியே பயன்படுத்தாமல், நிறம் தெரியும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நல்ல பலகைக்கு வேண்டியவை

எழுத்தின் அளவு: 6/60 பார்வை உள்ளவர் 6 மீட்டர் தொலைவிலிருந்து ஓர் எழுத்தை அடையாளம் காண, அந்த எழுத்து குறைந்தது 8.7 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். இது கண் பரிசோதனை அட்டையின் கணக்கு. சிரமமின்றி வாசிக்க அதன் இருமடங்கு தேவைப்படும். எல்லாப் பலகைகளையும் அவ்வளவு பெரிதாக எழுதுதல் இயலாது. ஆனால் தொலைவைப் பாதியாகக் குறைத்தால் எழுத்தை இருமடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். 6 மீட்டருக்குப் பதில் 1 மீட்டர் வரை நெருங்க முடிந்தால், அதே நபருக்கு 1.5 செ.மீ. எழுத்தே அடையாளம் தெரியும், 3 செ.மீ. எழுத்து வசதியாக இருக்கும். ஆகவே கூரையிலிருந்து தொங்கும் பெரிய பலகை ஒன்று இருந்தால், அதே செய்தி சுவரில் கண்மட்டத்தில், தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், நெருங்கி நின்று வாசிக்கும்படியும் இருக்க வேண்டும். அதன் முன்னே இருக்கையோ தண்ணீர்த் தொட்டியோ மறித்து நிற்கக் கூடாது.

ஒளி வேறுபாடு: எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு இருந்தால் போதாது, ஒன்று வெளிர்நிறமாகவும் மற்றது அடர்நிறமாகவும் இருக்க வேண்டும். மஞ்சளில் கருப்பு, அடர்நீலத்தில் வெள்ளை, வெள்ளையில் கருப்பு ஆகியவை நல்லவை. பச்சையில் சிவப்பு, பழுப்பில் பச்சை, வெள்ளையில் மஞ்சள், கருப்பில் சிவப்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கருப்புத் திரையில் சிவப்பாக ஒளிரும் மின்னணுப் பலகை சிலருக்கு வெறும் இருட்டாகவே தெரியும். பளபளப்பான பூச்சுக்குப் பதில் மங்கிய பூச்சு கண் கூசுவதைக் குறைக்கும்.

தமிழ் எழுத்தின் தேவைகள்: தமிழ் எழுத்துகளில் சுழிகளும் புள்ளிகளும் மிகுதி. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் ஒரு சிறு சுழியே வேறுபாடு. ‘எ’, ‘ஏ’ இரண்டிற்கும் ஒரு சிறு கோடு. மெய்யெழுத்தின் புள்ளி மங்கலில் முதலில் மறைகிறது. அலங்கார எழுத்திலும் தடித்து நெருங்கிய எழுத்திலும் இந்தச் சுழிகள் அடைபட்டுவிடும். நீண்ட ஊர்ப்பெயரைச் சிறிய பலகையில் அடக்குவதற்காக எழுத்துகளை நெருக்கி எழுதுவதே பேருந்துப் பலகைகளின் பெருங்குறை. டெல்டாவின் ஊர்கள் பலவற்றிற்கும் முற்பகுதி ‘திரு’ என்பதே. வேறுபாடு பிற்பகுதியில் உள்ளது. அப்பகுதியே நெருக்கத்தில் சிதைகிறது. ஊர்ப்பெயரைப் பெரிதாகவும், வழி ஊர்களைத் தனி வரியிலும், தடம் எண்ணை எல்லாவற்றிலும் பெரிதாகவும் எழுதினால் இக்குறை நீங்கும்.

படக்குறி: ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்னும் சொற்களில் முதலெழுத்து மட்டுமே வேறு, எஞ்சிய மூன்று எழுத்துகளும் ஒன்றே. பார்வை மங்கியவருக்குக் கழிப்பறைக் கதவில் இவ்விரு சொற்களும் ஒன்றுபோலத் தெரிவது இயல்பு. பெரிய உருவப் படம் சேர்ந்திருந்தால் தடுமாற்றம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் அதுவே துணை. கதவுக்கு நீலம், இளஞ்சிவப்பு என நிறம் பூசுவது மட்டும் போதாது.

தொடுதலும் ஒலியும்: பார்வை அறவே இல்லாதவருக்குப் பிரெயில் எழுத்தும், புடைத்த எண்களும், ஒலிபெருக்கி அறிவிப்பும் தேவை. இரயில் நடைமேடைகளில் காணும் மஞ்சள் நிறத் தரை ஓடுகளில் நீண்ட வரிகள் ‘தொடர்ந்து செல்லலாம்’ என்பதையும், குமிழ்கள் ‘நில், கவனி’ என்பதையும் காட்டுகின்றன. அவற்றின் மீது பெட்டிகளையோ இருசக்கர வாகனங்களையோ நிறுத்தாதீர்கள்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய இரு சோதனைகள்

1. பலகையைக் கைப்பேசியில் படமெடுத்து, அப்படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எழுத்து பின்னணியோடு கலந்துவிட்டால் அப்பலகை நிறத்தை மட்டும் நம்பி எழுதப்பட்டது. கருப்பின் மேல் சிவப்பு இச்சோதனையில் தேறினாலும் அதனைத் தவிர்க்கவே வேண்டும்.

2. 3 மீட்டரிலிருந்து வாசிக்க வேண்டிய பலகையை, இயல்பான பார்வை உள்ள ஒருவர் 30 மீட்டர் தொலைவில் நின்று வாசிக்கட்டும். அவரால் இயன்றால் 6/60 பார்வை உள்ளவராலும் 3 மீட்டரில் வாசிக்க இயலும்.

ஊராட்சி அலுவலகம், பள்ளி, நியாயவிலைக் கடை, கோயில், ஆரம்ப சுகாதார நிலையம் என எங்கும் இவற்றைச் செய்து பார்க்கலாம். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வரவுள்ளது. பெருந்திரளில் வழி தவறும் முதியோருக்குப் பலகையே முதல் துணை. அதற்கான பணியை இப்போதே எண்ணுவது பொருத்தம்.

வீட்டில் பராமரிப்பாளர் செய்யக்கூடியவை

• மாத்திரையை ‘சிவப்பு மாத்திரை’, ‘பச்சை மாத்திரை’ என்று சொல்லிப் பழக்காதீர்கள். காலை, இரவு எனத் தனித்தனி டப்பாக்களில் வைத்து, கருப்பு மையால் பெரிதாக எழுதுங்கள். காலை டப்பாவில் ஒரு ரப்பர் வளையம், இரவு டப்பாவில் இரண்டு என்று இட்டால் தொட்டே அறியலாம்.
• படிக்கட்டின் விளிம்புகளில் வெளிர்நிறப் பட்டை தீட்டுங்கள். முதல் படியும் கடைசிப் படியும் முக்கியம்.
• மோட்டார் சுவிட்சில் நிறத்தோடு ‘ஓடு’, ‘நில்’ என எழுதி ஒட்டுங்கள்.
• நிறக்குருடு உள்ளவருக்குச் சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் கலந்திருப்பது தெரியாமல் போகலாம். ஐயம் தோன்றினால் வேறொருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மருத்துவரிடம் குறையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுக் கட்டடங்களும் போக்குவரத்தும் தகவல்களும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பார்வைக் குறைபாடு உடைய ராஜீவ் ரத்தூரி தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 15 அன்று இதுகுறித்து விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. அதே வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் போதாது, கட்டாயமாகப் பின்பற்றத்தக்க விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எனவே நல்ல பலகை கேட்பது சலுகை கோருவதன்று.

சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் குறைபார்வை உண்டு, நிறக்குருடு இல்லை. எனினும் வாகன ஓட்டுநர் உரிமம் தொடர்பாக 2020 ஜூனில் விதி தளர்த்தப்பட்டது. இலேசான, மிதமான நிறக்குருடு உள்ளவர்கள் இப்போது உரிமம் பெறலாம். கடுமையான குறை உள்ளவர்கள் பெற இயலாது.

உங்கள் ஊரில் வாசிக்க இயலாத பலகை இருந்தால், அதன் படத்தோடு எழுத்து மூலம் கொடுங்கள். கிராம சபைக் கூட்டம், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஆகியவை அதற்குரிய இடங்கள். ‘பலகை சரியில்லை’ என்பதைவிட, ‘எழுத்து 2 செ.மீ. மட்டுமே, 3 மீட்டர் உயரத்தில் உள்ளது, பச்சையில் சிவப்பு’ என்று எழுதினால் சரிசெய்வது எளிது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

நல்ல பலகை சிகிச்சைக்கு மாற்று ஆகாது. முதியவருக்குப் பேருந்துப் பலகை தெரியவில்லை என்றால் முதலில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். கண்புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. கண் மருத்துவம் இம்மண்ணுக்குப் புதிதன்று. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளைப் பற்றிப் படங்களுடன் எழுதப்பட்ட குறிப்புகள் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன.

பின்வரும் நிலைகளில் தாமதிக்காதீர்கள்:

• முன்பு தெரிந்த நிறம் இப்போது மங்கித் தெரிகிறது, அல்லது ஒரு கண்ணில் மட்டும் நிறம் வேறுபடுகிறது. பிறவியில் வரும் நிறக்குருடு மாறாதது. புதிதாக வருவது பார்வை நரம்பு அல்லது விழித்திரை நோயின் அறிகுறியாக இருக்கலாம்.
• காசநோய்க்கு மருந்து உட்கொள்ளும்போது பார்வை மங்குகிறது, அல்லது சிவப்பும் பச்சையும் குழம்புகின்றன. கூட்டு மாத்திரையில் உள்ள எத்தாம்புட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும். விரைவில் கண்டறிந்து மருத்துவர் மருந்தை மாற்றினால் பெரும்பாலும் பார்வை மீளும். அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்; காசநோய் மருந்துகள் முழுவதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.
• நீரிழிவு உள்ளவர்கள் குறை எதுவும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
• திடீர்ப் பார்வை இழப்பு, கண் வலியோடு விளக்கைச் சுற்றி வண்ண வளையம், கண் முன் திரை விழுந்தது போன்ற உணர்வு ஆகியவை அவசர நிலைகள்.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, அரசு மருத்துவமனையின் கண் மருத்துவப் பிரிவையோ அணுகுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். வரும்போது பழைய கண்ணாடியையும், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் உடன் கொண்டு வாருங்கள்.